ரெண்டு பனியன்

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்குற சக்தியே இல்ல, ஒரு சொல் சொன்னா சுருண்டு போயிருதுக." போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னது. போன வருடம் வரை நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அக்கா மகன் பாளையங்கோட்டையில் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பங்குனி மாதம், பாளை வெயில் உங்களுக்கே தெரியும், அழுக்குக் கூடையில் தினமும் ரெண்டு பனியன் கிடப்பதைப் பார்த்து அக்கா "எதுக்குல ரெண்டு?" என்று கேட்டிருக்கிறாள். பதில் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு நெஞ்சை அமுக்கி வைத்திருக்கிறான். பி.டி. பீரியட் என்றால் வயிற்றுவலி. குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனால் படித்துறையில் உட்கார்ந்து எங்கள் செருப்புக்குக் காவல் இருப்பான். கணக்கில் விடை தெரிந்தாலும் எழுந்து சொல்ல மாட்டான், எழுந்தால் வகுப்பே பார்க்குமே. அப்புறம் ஒரு டெஸ்ட்டில் மார்க் குறைந்ததும் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று படுத்துவிட்டான். நாங்கள் மார்க்கைத் திட்டிக்கொண்டிருந்தோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை உடம்பை ஒளிக்கவே தெம்பையெல்லாம் செலவழித்தவனிடம் மார்க்கைத் தாங்க என்ன மிச்சம் இருக்கும்?

டாக்டர் அஞ்சே நிமிடத்தில் சொல்லிவிட்டார். இந்த வயதுப் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஹார்மோன் மாற்றத்தால் மார்பு கொஞ்சம் வீங்குமாம், பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாக வற்றிவிடுமாம். பாதிப் பேர்! அவன் வகுப்பிலேயே இன்னும் எத்தனை பேர் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்களோ. பெண் பிள்ளைக்குச் சடங்கு வைத்து, பந்தல் போட்டு ஊருக்கே சொல்கிறோம் (அந்தக் கூச்சம் தனிக்கதை). பையனுக்கு உடம்பில் என்ன நடக்கும் என்று அப்பனோ மாமனோ ஒரு வார்த்தை சொல்வதில்லை. மாமன் நானும்தான் சொல்லவில்லை.

குண்டு, ஓமக்குச்சி, கருவாயன் என்று கூப்பிடுவதெல்லாம் நமக்குச் செல்லம். 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லிக்காரர்களே பேரிலிருந்து ஃபேரை எடுத்துவிட்டார்கள், நம் வீடுகளில் கருவாயன் இன்னும் கருவாயன்தான்.

ஆனித் தேரோட்டத்துக்குச் சொந்தமெல்லாம் வரும். "என்னல, உடம்பு வச்சிட்ட?" என்றுதான் நலம் விசாரிப்பே ஆரம்பிக்கும். அதனால் அக்கா இந்தத் தடவை எல்லோருக்கும் முன்கூட்டியே போன் போட்டு, பிள்ளைகள் உடம்பைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பெரிய அத்தைக்குத்தான் கோபம். "பின்ன வேற என்னத்தப் பேச?" என்று கேட்டாளாம்.