பரிமளத்தைக் காணவில்லை

(ஒரு டிடிபி கடை. கதாசிரியராகும் ஆசையில் ஓய்வுபெற்ற சண்முகம் பென் டிரைவோடு வருகிறார். கடைக்காரர் செல்வி.)

சண்முகம்: கதை எழுத நல்ல எழுத்துரு வேண்டுமம்மா. பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

செல்வி: அது கல்யாணப் பத்திரிகைக்கு, சார். கதை எவ்வளவு முடிந்திருக்கிறது?

சண்முகம்: தலைப்பும் முதல் பத்தியும். எழுத்துரு அமையாமல் மீதி நிற்கிறது. லதா எழுத்துருவில் போட்டுப் பார்த்தேன். காதல் வசனம்கூட அரசாங்கக் கடிதம் மாதிரி 'பார்வையில் காணும் கடிதம்' என்றுதான் தொடங்க வருகிறது.

செல்வி: கவிவனார் எழுத்துரு?

சண்முகம்: சாய்ந்து சாய்ந்து நடக்கிறது. என் கதாநாயகனும் அப்படித்தான் வீடு திரும்புவான், ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தில்தான். அப்புறம், யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய 'லை' கிடைக்குமா?

செல்வி: 1978இலேயே அரசாணை போட்டு அந்தத் தும்பிக்கையை மடக்கிவிட்டார்கள். இப்போது எதில் அடித்திருக்கிறீர்கள்?

சண்முகம்: பாமினி. மச்சான் போட்டுக் கொடுத்தது.

செல்வி: பாமினியில் ஆங்கில எழுத்துக்குத்தான் தமிழ் வேஷம். அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் 'அம்மா' என்பது எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்று நிற்குமே!

சண்முகம்: அதுதானா! போன கதையை அனுப்பியதற்கு நண்பர் 'பின்நவீனத்துவம்' என்று பாராட்டினார்.

செல்வி: (தட்டுகிறார்) தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே வைக்கும் யூனிகோடுக்கு மாற்றி, லதாவிலேயே பெரிதாக, வரிக்கு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன். பாருங்கள்.

சண்முகம்: என்னம்மா, பரிமளம் பெயருக்கு நடுவில் புள்ளிப்புள்ளியாக ஒரு வட்டம்?

செல்வி: 'ரி' அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்காலை அடித்து, மேல்விலங்கு என்னும் இகரக் கொக்கியை மாட்டியிருக்கிறீர்கள். பாமினியில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. யூனிகோடில் கால் வேறு, ரகரம் வேறு. இப்படியே விட்டால் 'பரிமளம்' என்று தேடினால் அகப்பட மாட்டாள்.

சண்முகம்: கதையிலும் அவள் காணாமல்தான் போகிறாள்.

செல்வி: முதல் பத்தியிலேயேவா? வரைவுக்கு அழகு வேண்டாம், சார். புள்ளி பளிச்சென்று தெரிய வேண்டும், ரகரமும் காலும் குழம்பக் கூடாது. அழகாகப் போட்டுவிட்டால் அச்சாகி வந்த மாதிரியே இருக்கும், ஒரு வரியை வெட்டக்கூட மனசு வராது.

சண்முகம்: சரி, படிக்கிறேன். 'பரிமளம் அன்னாந்து பார்த்தாள். சுவரில் ஒரு பள்ளி ஓடியது.'

செல்வி: பள்ளியா?

சண்முகம்: நேற்றுவரை பல்லியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது!

செல்வி: எழுத்துரு எழுத்தை மாற்றாது, சார். 'அண்ணாந்து' என்பதையும் பாருங்கள்.

சண்முகம்: இதற்குத் தமிழே தெரியவில்லை. பாமினிக்கே மாற்றிவிடம்மா, அதில் நான் நன்றாக எழுதிக்கொண்டிருந்தேன்.