கொக்கி வைத்த கால்சட்டை

பதினோரு ஆண்டுகளாக எல்.கே.ஜி. குழந்தைகளோடு இருக்கிறேன். மூன்றரை வயதுக் குழந்தையை யாராவது ‘அடங்காத பிள்ளை’ என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு காலத்தில் நானும் அப்படிச் சொன்னவள்தான் என்ற வேதனையும் கூடவே வருகிறது.

நான் அப்படிச் சொன்ன பையன் ஒருவன் காலையில் நன்றாகத்தான் இருப்பான். பாட்டு, கதை என்றால் முதல் ஆளாக வந்து உட்காருவான். மணி பதினொன்றை நெருங்கினால் ஆளே மாறிவிடுவான். பக்கத்தில் இருப்பவனைத் தள்ளுவான், களிமண்ணை எடுத்து வீசுவான், அதட்டினால் தரையில் புரண்டு அழுவான். ஜூலை முழுக்க இதே பாடு. ‘சொன்ன பேச்சைக் கேட்பதில்லை’ என்று டைரியில் இரண்டு முறை சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன். இரண்டாம் முறை எழுதிய மறுநாள், பள்ளி வாசலில் என் கண்ணெதிரே அவன் அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தார். அடித்தது அவர் கை. அடிக்க வைத்தது என் எழுத்து.

ஒரு மழை நாளில்தான் காரணம் தெரிந்தது. இன்டர்வெல் மணி அடித்ததும் மற்ற பிள்ளைகள் கழிப்பறைக்கு ஓட, இவன் மட்டும் தூணுக்குப் பின்னால் நின்று இடுப்போடு போராடிக்கொண்டிருந்தான். சீருடைக் கால்சட்டையில் பெரியவர்களின் பேண்டில் இருப்பது போல இரும்புக் கொக்கி. அதன்மேல் இறுக்கிய பெல்ட். அந்தப் பிஞ்சு விரல்களுக்கு இரண்டும் அசைந்து கொடுக்கவில்லை. ஆயாவிடம் கேட்கவும் பயம். பள்ளி திறந்த முதல் வாரத்தில் உடையிலேயே சிறுநீர் போய்விட்டபோது வகுப்பே கைகொட்டி ‘ஷேம் ஷேம்’ என்று பாடியிருந்தது. எல்லா நர்சரியிலும் பாடுவதுதானே என்று நானும் தடுக்காமல் இருந்துவிட்டேன். அன்று முதல் நாள்தோறும் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறான். அடக்கிக்கொண்டிருந்தவனைத்தான் அடங்காதவன் என்று சொல்லியிருக்கிறேன்.

அவன் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அங்கேயே அழுதுவிட்டார். மறுநாளே கொக்கியை எடுத்துவிட்டு எலாஸ்டிக் வைத்துத் தைத்து அனுப்பினார். அதன்பின் அவன் யாரையும் தள்ளவே இல்லை என்று சொல்லமாட்டேன், அவனும் குழந்தைதானே. ஆனால் அந்தப் பதினொரு மணிப் புயல் நின்றுவிட்டது.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையில் சின்னச் சின்ன மரச்சட்டங்கள் உண்டு. ஒன்றில் பொத்தான், ஒன்றில் கொக்கி, ஒன்றில் நாடா. குழந்தை உட்கார்ந்து பூட்டியும் அவிழ்த்தும் பழகும். தன் உடையைத் தானே அவிழ்க்கத் தெரிவது அந்த வயதில் எவ்வளவு பெரிய பாடம்! நாமோ பென்சிலைப் பிடிக்க வைக்கும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

‘அப்படியானால் தள்ளினாலும் கடித்தாலும் சும்மா விட்டுவிடுவதா?’ என்று சிலர் கேட்கிறார்கள். விடக்கூடாது. ஓங்கிய கையைப் பிடித்துத் தடுக்கத்தான் வேண்டும். குனிந்து, அவன் கண் மட்டத்துக்கு வந்து, ‘கடிக்கக் கூடாது, அவனுக்கு வலிக்கும்’ என்று சொன்னால் போதும். அழுகை பொங்கி நிற்கும்போது எந்த அறிவுரையும் காதில் ஏறாது. மூச்சு அடங்கட்டும், பிறகு பேசலாம். நாலு பேர் முன்னால் மட்டும் வேண்டாம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, குழந்தைக்கு உடல் தண்டனை கொடுப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. ஆனால் 2009இல் வந்த அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. எங்கள் வகுப்புக் குழந்தைகளுக்கு அந்த வயதே இன்னும் ஆகவில்லை. என்ன நடந்தது என்று வீட்டில் போய்க் கோவையாகச் சொல்லவும் அவர்களுக்குத் தெரியாது.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். சாப்பிட மறுத்தால் ‘மிஸ்ஸிடம் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டாதீர்கள். கொக்கி அவிழவில்லை என்று பிள்ளை ஓடிவந்து சொல்ல வேண்டியது அந்த மிஸ்ஸிடம்தான்.

எங்கள் பள்ளியில் சீருடை இன்னும் மாறவில்லை, நானும் கேட்பதை நிறுத்தவில்லை. ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள், புதுச் சீருடையைப் போட்டுவிட்டுத் தனியாக அவிழ்த்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். விரல் திணறினால் அன்றே டெய்லரிடம் கொடுத்து எலாஸ்டிக் வைத்துவிடுங்கள்.