பெயர்ப்பலகையை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள்

'செட்டிநாட்டு உணவும் பண்பாடும்' என்று தலைப்பு எடுத்துக்கொண்டு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் களப்பணிக்கு வருகிறவர்களை மனமார வரவேற்கிறேன். ஆனால் முக்கால்வாசிப் பேர் மெஸ்ஸுக்குள் நுழைந்ததுமே முதலாளியிடம் "உங்க ஸ்பெஷல் என்ன?" என்று கேட்டுவிடுகிறார்கள். அவரும் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதிலைச் சொல்வார். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, ஒரு சுக்கா செய்முறை. ஆய்வேடு அங்கேயே முடிந்துபோகும். சாப்பாட்டுக் கடையில் பேட்டி கடைசியில்தான் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் இலை.

உட்காரும் இடத்திலிருந்தே வேலை தொடங்குகிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் காசு மட்டும்தான் கண்ணில் படும். கை கழுவும் இடத்துப் பக்கம் உட்கார்ந்தால் அடுக்களையிலிருந்து வரும் தட்டும் தெரியும், எடுத்துப் போடப்படும் இலையும் தெரியும். முதல் நாளே கடையின் படத்தைக் கையால் வரைந்துகொள்ளுங்கள்: மேசைகள், பார்சல் கட்டும் இடம், ஏசி அறை, எச்சில் இலைக் கூடை. பெண்களோடு வரும் குடும்பம் எந்தப் பக்கம் போகிறது, தனியாக வரும் லோடுமேன் எங்கே உட்காருகிறார், முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் உட்காரச் சம்மதிக்கிறார்களா என்பதெல்லாம் அந்தப் படத்தில்தான் மெல்ல மெல்லச் சேரும்.

குறிப்பை ஒரு இலைக்கு ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த நேரம், கூட வந்தவர்கள், சோற்றில் முதலில் ஊற்றச் சொன்ன குழம்பு, மறுபடி கேட்டது, கேட்காமலே வைத்தது, தொடாமல் விட்டது, எழுந்த நேரம். ஒரு மதியத்துக்கு இருபது இலை போதும். அதற்கு மேல் போனால் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்பது குழம்பிவிடும். வரிசை போனால் குறிப்பே போச்சு. போனில் பதிவு செய்வது பெரும்பாலும் வீண். ஃபேனும் பாத்திரச் சத்தமும் பேச்சை விழுங்கிவிடும். சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டில் ஒற்றைச் சொற்களாகக் குறித்துக்கொண்டு, அன்று இரவே விரித்து எழுதி, இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். 1948-இல் மைசூர்ப் பக்கத்து ராம்புரா கிராமத்தில் களப்பணி செய்த சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் பல ஆண்டுகள் பகுத்துத் தொகுத்த குறிப்புகள் 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் வைக்கப்பட்ட தீயில் எரிந்தன.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டேகால் வரை நாற்காலிக்குப் பின்னாலேயே ஆள் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு இடத்தை அடைத்துக்கொண்டு நோட்டு எழுதுவது அநியாயம். பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டு, முழுக்காசும் கொடுத்துவிட்டு, பார்சல் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள்.

அளவு தெரிய வேண்டுமென்றால் "எவ்வளவு ஊற்றுவீங்க?" என்று கேட்டுப் பயனில்லை. கடை ஓய்ந்த பிறகு அந்தக் கரண்டியையே கேட்டு வாங்கி, தண்ணீர் ஊற்றி மில்லி கணக்கில் அளந்துகொள்ளுங்கள். அரிசியைப் படிக்கணக்கில் சொன்னால் அந்தப் படியிலேயே அளந்து தராசில் நிறுத்துப் பாருங்கள்.

எச்சில் இலையும் பேசும். பட்டைத்துண்டு, கல்பாசி, கறிவேப்பிலை ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தால் முழுசாகத் தாளித்த குழம்பு. ஒன்றுமே ஒதுங்கவில்லை என்றால் பொடியில் ஓடும் அடுப்பாக இருக்கலாம். பொடிக்கு மாறியதைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவிடாதீர்கள். ஆள் மாறினாலும் ருசி மாறக் கூடாது என்ற கட்டாயம் அதில் இருக்கிறது. தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு வெயில் நேரத்தில் சீக்கிரம் கெடும். மூன்று மணி வரை தாங்க வேண்டிய குழம்பில் தேங்காயைக் குறைப்பதற்கும் காரணம் உண்டு.

இதனால்தான் மெஸ் சாப்பாட்டை வைத்து வீட்டுச் சாப்பாட்டை எழுதக் கூடாது என்கிறேன். 'செட்டிநாடு என்றால் காரம்' என்பது மதிய மெஸ்ஸை மட்டும் பார்த்தவர்கள் எழுதியது. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் கல்யாணப் பந்தி சைவம். அரிசி கழுவிய தண்ணீரில் செய்யும் மண்டி, இளங்குழம்பு, இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய்க் கோசுமல்லி இவற்றில் எதுவும் நாக்கைச் சுடும் சாப்பாடு இல்லை. மூன்று மணிக்கு நோட்டை மூடுகிறவருக்கு இடைப்பலகார நேரமும் தவறிப்போகும்.

இடைப்பலகாரத்தில் வெள்ளைப் பணியாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆழாக்கு (பழைய சின்ன அளவு) பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக வைத்து அளப்பது இங்கே வழக்கம். ஊறவைத்து நைசாக அரைத்து, மாவைப் புளிக்க விடாமல் உடனே கரண்டியால் எண்ணெயில் ஊற்ற வேண்டும். மாவு காத்திருந்து புளித்தால் எண்ணெய் குடிக்கும், நிறமும் சிவந்துவிடும். காலையில் சுட்டு வைத்து மாலையில் விற்கும் பண்டம் இல்லை இது. 'கோபுரமாக' என்பதைக் கிராமாக மாற்றி மட்டும் எழுதினால், அளக்கும் கை குறிப்பிலிருந்து காணாமல் போகும். இரண்டையும் எழுதுங்கள்.

ஒரு மாதம் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதும் போதாது. புரட்டாசியிலும், மாலை போடும் கார்த்திகையிலும் அசைவத் தட்டு இளைத்துவிடும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் நாட்களில் சாப்பிட வருகிறவர்களும் வேறு, கேட்பதும் வேறு. முகூர்த்த நாளில் கூட்டம் எப்படி மாறுகிறது என்பதைத் தனியாகக் குறிக்க வேண்டும்.

அடுத்தது எனக்கு மிகவும் முக்கியம். பலகையில் ஆச்சி படம் இருக்கும். அடுப்படியில் நிற்பவர் வேறு சமூகத்தவராக இருக்கலாம், வேறு மாநிலத்தவராகவும் இருக்கலாம். அவருடைய கைப்பக்குவத்தை முதலாளி குடும்பத்தின் பாரம்பரியம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது திருட்டுக்குச் சமம். முதலாளி அனுமதி கொடுத்தால் எல்லோரும் அனுமதி கொடுத்ததாக ஆகாது. மாஸ்டர், பரிமாறும் தம்பி, மசால் அரைக்கும் அக்கா என ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். சம்பளப் பேச்சு கடைக்கு வெளியே நடக்கட்டும். சாப்பிடுகிறவரிடம் சாதி கேட்காதீர்கள், வாயில் சோறு இருக்கும் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். எழுதும்போது கடைப் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. தெருவும் பக்கத்துக் கோயிலும் அப்படியே இருந்தால் ஊரில் எல்லோருக்கும் கடை தெரிந்துவிடும்.

மூன்றரைக்குமேல் வேலையாட்கள் சாப்பிட உட்காருவார்கள். கூப்பிட்டால் மட்டும் கூட உட்காருங்கள். கறி மிஞ்சியிருந்தும் ரசத்தையே கேட்பவர் யார், யார் யாருக்குப் பரிமாறுகிறார், மாஸ்டர் தன் இலையில் முதலில் எதை வைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். சில வாரம் கழித்து உங்கள் குறிப்பை அவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். "மீன் குழம்பு அதுக்கு அப்புறம்ண்ணே, நீங்க மாத்தி எழுதியிருக்கீங்க" என்று ஒருவர் சொல்வார். பேட்டியை அவரிடமிருந்து தொடங்குங்கள்.