ஏர்பிரஷ் இல்லாமலே வண்ணம் அடிக்கலாம்

வார்ஹாமர் 40,000 என்பது சின்னச் சின்னப் போர்வீரர் உருவங்களை வைத்து மேசைமேல் ஆடும் விளையாட்டு. "அந்த உருவங்களுக்கு வண்ணம் தீட்ட முதலில் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் கருவி) வாங்குங்கள்" என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதைப் படித்தே புதிதாக வருபவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள். தூரிகை ஒன்றே போதும்.

நான் இருப்பது பெங்களூர் அல்சூரில். மழைக்காலத்தில் இங்கே ஸ்ப்ரே ப்ரைமர் (பெயின்ட் ஒட்டுவதற்காக முதலில் பூசும் அடிப்பூச்சு) அடித்தால் காற்றின் ஈரத்தில் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். ஸ்பேஸ் மரீன் என்ற கவச வீரர் உருவத்தின் தோள்கவசத்தில் இருக்கும் நுணுக்கமெல்லாம் போச்சு. அந்த மாதங்களில் தூரிகையால் பூசும் ப்ரைமர்தான் நல்லது.

பெயின்ட்டை டப்பாவிலிருந்து நேரே எடுத்து அப்பாதீர்கள். தண்ணீர் கலந்து, பால் பதத்தில் இரண்டு மெல்லிய கோட். முதல் கோட் திட்டுத்திட்டாகத்தான் தெரியும், காயவிட்டு அடுத்ததை அடியுங்கள். பிறகு கறுப்பு வாஷ், அதாவது தண்ணீர்போல் நீர்த்த பெயின்ட். கவசத்தின் இடுக்குகளில் அது தானாக ஓடி உட்கார்ந்து நிழல் விழுவதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை பாடும்! கடைசியாக விளிம்புகளில் மட்டும் வெளிர்நிறக் கோடு.

ஏப்ரல் வெயிலில் அக்ரிலிக் பெயின்ட் சட்டென்று காய்ந்துவிடும். மூடி இறுக்கமான டிபன் பாக்ஸில் ஈர டிஷ்யூ, அதன்மேல் பட்டர் பேப்பர் வைத்து அதில் கலந்தால் நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரசருக்கு ஆகும் பணத்தில் கோலின்ஸ்கி என்ற விலங்கின் முடியில் செய்த நல்ல தூரிகை ஒன்று வாங்குங்கள்.