காலிப் பக்கத்துக்கு எதுக்கு 100 மார்க்?

மூன்று நாள் போச்சு. 'மின்னல் வேக இணையதளம்' என்று முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஓர் ஓப்பன் சோர்ஸ் ஃபிரேம்வொர்க் (இணையதளம் கட்ட உதவும் இலவச மென்பொருள்), எங்கள் வேலைக்குச் சரிப்படுமா என்று சோதித்துப் பார்த்தேன். அவர்களுடைய டெமோவுக்கு, பக்கத்தின் வேகத்துக்கு மார்க் போடும் கூகுள் கருவியான லைட்ஹவுஸில் 100க்கு 100. அந்த டெமோவில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒரு தலைப்பு, ஒரு படம், ஒரு பட்டன். வெறும் ஹெச்டிஎம்எல்லில் கையால் எழுதினாலும் அதற்கு 100 வரும்!

எங்கள் பக்கத்துக்கு லாகின் வேண்டும், தேடல் வேண்டும், நீளமான படிவம் வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, வேண்டுமென்றே ஒரு பழைய போனில் திறந்தேன். பக்கம் சட்டென்று வந்தது. சரி, பரவாயில்லையே என்று மெனுவைத் தொட்டேன். அசையவில்லை. மறுபடி தொட்டேன். மறுபடியும். சில நொடி கழித்து மெனு திறந்து, மூடி, திரும்பத் திறந்தது. மூன்று தொடுகையும் வரிசையில் நின்று ஒன்றாக வந்து விழுந்தன.

சர்வர் அனுப்பிய பக்கம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கு உயிர் வர வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்ட் இறங்கி, அதே பக்கத்தை இன்னொரு முறை ஓட்டி, பட்டன் பட்டனாக இணைக்க வேண்டும். ஹைட்ரேஷன் என்பது இதுதான். அது முடிகிறவரை, நம் தொடுகையையும் கவனிக்க வேண்டிய பிரவுசரின் மெயின் த்ரெட் யார் சொல்வதையும் கேட்காது. நம்முடைய புது லேப்டாப்பில் இது தெரியவே தெரியாது. ஆஸ்ட்ரோ மாதிரி வேறு சில ஃபிரேம்வொர்க்குகள், தேவையான துண்டுக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் அனுப்புகின்றன. ஆக, வழியே இல்லை என்று சொல்ல முடியாது.

லைட்ஹவுஸ் வழக்கமாகப் பக்கத்தை ஏற்றிப் பார்க்கும், அவ்வளவுதான். எதையும் தொட்டுப் பார்க்காது. தொட்டால் எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது என்று பார்க்க ஐஎன்பி (Interaction to Next Paint) என்ற அளவு இருக்கிறது. 2024 மார்ச்சில், முதல் தொடுகையின் தாமதத்தை மட்டும் பார்த்த எஃப்ஐடியைத் தூக்கிவிட்டு, இதைத்தான் கூகுளின் பக்க அளவுகோல்களான கோர் வெப் வைட்டல்ஸில் சேர்த்தார்கள். 200 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது, 500ஐத் தாண்டினால் மோசம். இந்த ஃபிரேம்வொர்க்கின் ஆவணம் முழுக்கத் தேடினேன், ஐஎன்பி பற்றி ஒரு வரி இல்லை. ஒரே ஒரு வரிகூட இல்லை!

சும்மா தருகிறவர்கள் மேல் இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். அவர்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வேகம் என்று கூவி அழைத்தது அவர்கள்தானே? அதை நம்பி நான் கட்டியிருந்தால், பழைய போனை வைத்துக்கொண்டு அந்தப் படிவத்தோடு மல்லுக்கட்டப் போகிறவர் யாரோ ஒருவர். முகப்பில் இருக்கும் அந்த 100ஐ முதலில் எடுங்கள். படிவம் உள்ள ஒரு நிஜப் பக்கம், விலை குறைந்த ஒரு போன், அதில் வந்த ஐஎன்பி எண். அதைப் போடுங்கள், பார்க்கிறேன்.