கென்யாவின் பிளாஸ்டிக் கல்: சுவருக்கா, தரைக்கா?

‘கென்யப் பெண் ஒருவர் காலித் தண்ணீர் பாட்டில்களை உருக்கிச் செங்கல் செய்து ஏழைகளுக்கு இலவசமாக வீடு கட்டித் தருகிறார்’ என்ற பதிவு வாட்ஸ்ஆப்பில் சுற்றிவருகிறது. ஆள் உண்மை, ஊர் உண்மை, மற்றதெல்லாம் கைச்சரக்கு.

அவர் நஸாம்பி மாட்டீ. நைரோபியில் ஜெங்கே மேக்கர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர், 2020-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் இளம் சாதனையாளர் விருது பெற்றவர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை நடைபாதையிலும் முற்றத்திலும் பதிக்கும் பேவர் பிளாக்குகள். சுவர் எழுப்பும் செங்கற்கள் அல்ல.

பாட்டில் கதையும் தவறு. தண்ணீர் பாட்டில் ‘பெட்’ வகை பிளாஸ்டிக். அதை அவர் பயன்படுத்துவதில்லை. ஷாம்பு டப்பா, பை, வாளி, கயிறு ஆகியவற்றின் பிளாஸ்டிக்கைத்தான் மணலோடு கலந்து சூடாக்கி, எந்திரத்தில் அழுத்திக் கல்லாக்குகிறார்கள்.

இந்தக் கல்லுக்குக் ‘கான்கிரீட்டைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு வலிமை’ என்பது 2021-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் அவரே சொன்னது. தயாரிப்பாளர் தம் சரக்கைப் பற்றிச் சொன்னதாகவே அதைக் கொள்ள வேண்டும்.

‘இலவசம்’ எங்கிருந்து முளைத்ததோ! ஆப்பிரிக்கப் பெண் தொழில் நடத்தினால் அதைத் தர்மக் காரியமாக்கிவிடுவது நம் பழக்கம். அவர் கழிவில் ஒரு பகுதியை மறுசுழற்சியாளர்களிடம் காசு கொடுத்து வாங்குகிறார். கல்லை விலைக்கு விற்கிறார்.