ஊர் போட்ட பாட்டுகள்

தேர்வுகள் முடிந்து மே மாதம் நெருங்கினால் போதும், 'பள்ளி நாட்களை ஞாபகப்படுத்தும் பாடல்கள்' என்று ஒரு பட்டியல் வாட்ஸப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. பழைய மாணவர் சந்திப்பு வைக்கிறவர்கள் அதை அப்படியே எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். 1996-ல் வந்த 'காதல் தேசம்' படத்தின் 'முஸ்தபா முஸ்தபா' கட்டாயம் இருக்கும். 2004-ல் வந்த 'ஆட்டோகிராப்' படத்திலிருந்து 'ஞாபகம் வருதே', 'ஒவ்வொரு பூக்களுமே' இரண்டும் இருக்கும். நல்ல பாட்டுகள், எனக்கும் பிடிக்கும். ஆனால் அவை நட்பைப் பற்றியும் நினைவைப் பற்றியும் எழுதப்பட்ட பாட்டுகள். நாம் யூனிஃபார்ம் போட்டுத் திரிந்த நாட்களில் உண்மையிலேயே நம் காதில் விழுந்த பாட்டுகளை எழுதச் சொன்னால் பட்டியல் வேறு மாதிரி வரும். ஊருக்கு ஊர் மாறும்.

என்னைக் கேட்டால், பள்ளிக்கூட காலத்துப் பாட்டை நாம் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஊர் போட்டது, நாம் கேட்டோம். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம். இன்றைக்கும் ஒருத்தி முதல் வரியை முணுமுணுத்தால் மற்றவர்களுக்கு அந்த வகுப்பறையே கண்முன் வந்து நிற்பது அதனால்தான்.

நான் மண்டபம் பக்கம். படித்தது 90-களின் கடைசியிலும் 2000-த்தின் தொடக்கத்திலும். எங்கள் கரையில் வளர்ந்தவர்களுக்கு முதல் பாட்டு வாத்தியார் இலங்கை வானொலி. அம்மா காலத்தில் 'பொங்கும் பூம்புனல்' என்ற பாட்டு நிகழ்ச்சி. அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களை அம்மா சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். எங்கள் முறை வந்தபோது 1998-ல் அங்கே சூரியன் எஃப்.எம்., சக்தி எஃப்.எம். இரண்டும் தொடங்கியிருந்தன. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். மதுரை எங்களுக்கு அதைவிடப் பல மடங்கு தூரம். நடுவில் மலையோ கட்டடமோ இல்லாத கடல் என்பதால் எஃப்.எம். அலை தங்குதடையின்றி வந்துவிடும். அதிலும் காற்று அடங்கிய வெயில்கால ராத்திரிகளில் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோலக் கேட்கும். கடல்மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது, மேலே போய்விட வேண்டிய அலை வளைந்து கடலை ஒட்டியே ஓடி வருகிறது. அந்தக் காரணமெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. 'இன்னிக்குக் காத்து இல்ல, பாட்டு நல்லா எடுக்கும்' என்று அப்பா சொல்வார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு மட்டுமே தெரியும். 1996-லிருந்து 2006 வரை இலங்கையின் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடியது. சூரியன் எஃப்.எம். அறிவிப்பாளர் 'நேரம் எட்டு மணி' என்றால் இங்கே ஏழரை. காலையில் தலை பின்னும்போது இந்தக் கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது 'மின்னலே' வந்தது, 2001. 'வசீகரா' போடாத நாளே கிடையாது. பாம்பே ஜெயஸ்ரீ குரலை இன்றைக்கு எங்கே கேட்டாலும் எனக்கு வருவது ரிப்பன் கட்டும் அவசரம்தான். பல்லில் ஒரு ரிப்பனைக் கடித்துக்கொண்டு, மறு பக்கச் சடையை அம்மா இழுத்த இழுப்புக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு, பாட்டு முடிவதற்குள் கிளம்பினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தது. அது காதல் பாட்டு என்பதெல்லாம் அப்புறம்தான்.

பாட்டுக்கு முன்னால் வாழ்த்துச் சொல்வார்கள். வவுனியாவிலிருந்து, மட்டக்களப்பிலிருந்து, ஹட்டனிலிருந்து என்று பெயர்கள் வரும். சென்னையின் பேட்டைப் பெயர்களைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே எங்களுக்கு அந்த ஊர்ப் பெயர்கள் மனப்பாடம். அங்கே யுத்தம் நடந்துகொண்டிருந்தது, அதன் நடுவிலும் பிறந்தநாளுக்குப் பாட்டுக் கேட்டார்கள் என்பதை இப்போது நினைத்தால் நெஞ்சை என்னவோ செய்கிறது.

பஸ் பாட்டு, கேசட் கடைப் பாட்டு எல்லா ஊர்க்காரர்களுக்கும் உண்டு, அதை நீட்டவில்லை. ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் போகிற அண்ணன்களிடம் பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துப் பதிந்து வரச் சொன்னவர்கள் எங்கள் வகுப்பில் நிறையப் பேர். சரி, மைக் செட்டுக்கு வருகிறேன்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். இப்போது 61 நாள், நாங்கள் படித்தபோது 45 நாள். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், எங்களுக்கும் விடுமுறை. கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல் எல்லாம் அந்த நாட்களில்தான் வந்து சேரும். கூம்பு ஸ்பீக்கர் கட்டாத தெருவே இருக்காது. 2003-ல் வந்த 'மன்மத ராசா' 2004 கோடையில் எங்கள் கடற்கரை முழுக்கக் கேட்டது. பிளஸ் டூ முடித்து, முடிவுக்காகக் காத்திருந்த கோடை. அந்தப் பாட்டின் தாளம் தொடங்கினால் இன்றைக்கும் எனக்கு மார்க் பயம் வந்துவிடுகிறது. ஆட்டப் பாட்டுக்கு யாராவது பயப்படுவார்களா என்று என் கணவர் கேட்பார். மேற்கே கொங்கு நாட்டில் வளர்ந்தவர், அவருக்கு அந்தக் கோடை தெரியாது.

வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழா ஜூலையில் வரும். ஏர்வாடிச் சந்தனக்கூடு வரும். முளைப்பாரி வரும். யார் வீட்டு விசேஷம், எந்த மதத்துத் திருவிழா என்று காது பிரித்துப் பார்த்ததில்லை. நாகூர் ஹனிபாவின் 'இறைவனிடம் கையேந்துங்கள்' கல்யாண வீட்டுக் கூம்பில் கேட்கும்போது எங்கள் வீட்டிலும் கூடவே பாடுவோம். நாகூர் என்று பெயரில் இருந்தாலும் அவர் பிறந்தது ராமநாதபுரத்தில். எங்கள் மாவட்டத்துக்காரர் என்ற பெருமை எனக்கு என்றைக்கும் உண்டு. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் தேர்வுக்கு முந்தின ராத்திரி, காற்றில் பாதி வரி காணாமல் போய்ப் பாதி வரி வந்துகொண்டிருந்த அவர் குரல்தான் எனக்குத் துணை. எந்தப் பட்டியலிலும் இந்தப் பாட்டு 'பள்ளிக்கால நினைவு' என்று வராது. எனக்கு அது பள்ளிக்காலம்தான்.

இதெல்லாம் வெறும் உணர்ச்சி என்று ஒதுக்க வேண்டாம். 2013-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்சல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 20 வயதை ஒட்டிய மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரை புகழ்பெற்றிருந்த பாட்டுகளைக் கேட்க வைத்து, எவை அவர்கள் வாழ்க்கையோடு ஒட்டியிருக்கின்றன என்று கேட்டார்கள். தங்கள் வயதுக்குரிய பாட்டுகளோடு, தங்கள் அப்பா அம்மா இளவயதில் கேட்ட பாட்டுகளும் அவர்களுக்கு நெருக்கமாக இருந்தன. அவர்கள் பிறப்பதற்கு முன்பே வந்த பாட்டுகள் அவை. வீட்டில் பெரியவர்கள் போட்டது பிள்ளைகள் மனதில் தங்கிவிட்டது. ஊர் போட்ட பாட்டு என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். 'பொங்கும் பூம்புனல்' காலத்துப் பாட்டுகள் எனக்கு அம்மாவின் அடுப்படியைக் கொண்டுவருவதும் இப்படித்தான்.

பட்டியல்களில் வரவே வராத இன்னொரு பாட்டு இருக்கிறது. எந்த ஊரில் படித்திருந்தாலும் நம் எல்லோருக்கும் பொதுவான பாட்டு. 'நீராருங் கடலுடுத்த'. தினமும் காலையில் பாடியதாலேயே அதைப் பாட்டாக நாம் எண்ணுவதில்லை. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை எழுதி, எம்.எஸ். விஸ்வநாதன் மோகன ராகத்தில் மெட்டமைத்தது. 1970-லிருந்து தமிழ்த்தாய் வாழ்த்தாக இருக்கிறது. எங்கள் பள்ளியில் இசை ஆசிரியர் இருந்ததில்லை. முந்தின வருடத்து அக்காமார் சொல்லிக் கொடுத்ததை நாங்கள் பாடினோம், எங்களிடமிருந்து அடுத்தவர்கள் கற்றார்கள். கடல் காற்று மைக்கில் இரையும் என்பதால் அதன் தலையில் ஒரு கைக்குட்டையைக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டிருப்பார்கள். கொடிக்கயிறு கம்பத்தில் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் அந்த டொக் சத்தத்துக்கு ஏற்பப் பாட்டை வேகப்படுத்திவிடாமல் இருக்க, என் பக்கத்தில் நிற்கும் தோழி இடுப்பில் விரலால் லேசாகத் தட்டித் தாளம் காட்டுவாள்.

அவள் முகாமிலிருந்து வந்தவள். மண்டபம் அகதிகள் முகாம் உங்களில் பலருக்குச் செய்தியாகத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அது பக்கத்து பெஞ்ச். மன்னார்ப் பக்கத்துக் குடும்பம். எங்கள் எல்லோரையும்விட அவளுக்குக் குரல் நன்றாக இருந்தது.

2002 பிப்ரவரியில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தது. பொதுத்தேர்வு நெருங்கிய நேரம், டியூஷன் எடுத்த அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே டேப் ரெக்கார்டரில் 'விடை கொடு எங்கள் நாடே' ஓடியது. அவள் கணக்கு நோட்டை மூடவில்லை, பேனாவை மட்டும் மூடி வைத்தாள். பாட்டு முடிகிற வரைக்கும் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே இருந்தாள். முடிந்ததும் அழவில்லை. 'இது ஆர் பாடினது? வயசான ஆளின்ட குரல். எங்கட அப்பப்பாவின்ட குரல் மாதிரியே கிடக்கு' என்றாள். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அக்கா கேசட் அட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. அப்புறம் எல்லோரும் கணக்குக்குத் திரும்பிவிட்டோம்.

அதே மாதம்தான் அங்கே போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. நாங்கள் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போது அவள் குடும்பம் ஊர் திரும்பியது. அதற்குப் பிறகு தொடர்பு இல்லை. யுத்தம் மறுபடி வந்தது, 2009 வந்தது. அந்தப் பாட்டை நான் சினிமாப் பாட்டாகக் கேட்டு நீண்ட காலம் ஆகிறது.

இப்போது என் அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு. நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கிறாள், நல்ல ரசனை, கொரியப் பாட்டு வரைக்கும் தெரியும். 'உன் பெஞ்சில் இருக்கிற எல்லாருக்கும் பிடிச்ச பாட்டு எது?' என்று கேட்டேன். யோசித்தாள். 'அவ என்ன கேக்குறான்னு எனக்குத் தெரியாது அத்தை' என்றாள். அவள்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆளுக்கொரு இயர்ஃபோனைக் கொடுத்தது நாம்தான். கூம்பு ஸ்பீக்கர் திரும்ப வரட்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். படிக்கிற பிள்ளையையும் படுக்கையில் கிடக்கிற நோயாளியையும் அது பாடாய்ப் படுத்தியது. ஆனால் ஒரு வகுப்பே சேர்ந்து கேட்ட பாட்டு ஒன்றாவது அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று மனப்பூர்வமாக நினைக்கிறேன். முப்பது வயதில் அவர்கள் சந்திக்கும்போது எதை முணுமுணுப்பார்கள்?

வழி இல்லாமல் இல்லை. பாம்பனில் மீனவர்களுக்காகவே கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி 2016-லிருந்து இருக்கிறது. கரையோரப் பள்ளிகள் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய்ப் பாட வைக்கலாம். ஆண்டு விழாவில் வாடகை டி.ஜே.வை நிறுத்திவிட்டு வகுப்புக்கு ஒரு பாட்டு, எல்லோரும் சேர்ந்து என்று வைக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பதிவில் ஓடவிடுவதை நிறுத்தலாம். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோதே, பொது நிகழ்ச்சிகளில் இசைத்தட்டைத் தவிர்த்து வாயால் பாட வேண்டும் என்று அரசாணை சொல்லிவிட்டது. மொத்தம் 55 வினாடி. பதிவு எப்போதும் சுருதி தப்பாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூச்சுப் பிடித்துச் சேர்ந்து பாடிய பிள்ளைக்குத்தான் அந்த மெட்டு பக்கத்தில் நின்றவளோடு சேர்ந்து மனதில் நிற்கும்.

இந்த மே மாதம் எங்கள் வகுப்புச் சந்திப்பு இருக்கிறது. தடைக்காலம் என்பதால் கடலுக்குப் போகிறவர்களும் வந்துவிடுவார்கள். வழக்கமான பட்டியல் வேண்டாம், ஆளுக்கு ஒரு பாட்டு எழுதிக் கொடுங்கள், அதை எங்கே யாரோடு கேட்டோம் என்று சொல்லிவிட்டுப் போடலாம் என்று குழுவில் கேட்டிருக்கிறேன். என் பெயருக்கு எதிரே 'விடை கொடு எங்கள் நாடே' என்று எழுதியிருக்கிறேன். அந்தக் குரல் எம்.எஸ். விஸ்வநாதனுடையது. நாங்கள் இருவரும் தினமும் காலையில் பாடிய பாட்டுக்கு மெட்டுப் போட்ட அதே மனிதர். எனக்கு இது தெரிந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். மன்னார்ப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், 2002-ல் மண்டபத்தில் பத்தாம் வகுப்பு படித்துவிட்டு ஊர் திரும்பிய, நன்றாகப் பாடுகிற ஒருத்தியைத் தெரிந்தால், அவளிடம் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.